தொடாதே என்றுவிட்டுப் போன வண்டி

என் மகன் கப்பலுக்குக் கிளம்பிய அன்று, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிய பிறகு திரும்பி வந்து வாசலில் நின்ற காரின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டான். "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓட வுடு நைனா. ஆயில் லீக்கு ஆவுது. ஆனா நீ கை வெக்காத. நான் வந்து பாத்துக்கறேன்" என்றான்.

நான் சரி என்றேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அனல் மின் நிலையத்தில் டர்பைனுக்கு எண்ணெய் போகிற குழாய்களோடும் பம்புகளோடும் கிடந்த ஃபிட்டர் நான். பெற்ற பிள்ளையே என்னிடம் இப்படிச் சொன்னது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் வண்டி அவனுடையது.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. அவனைவிட அதற்கு வயது அதிகம். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் அவன் வேலை பார்த்தபோது, அங்கே இருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஓடாத நிலையில் இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். இவன் லீவு நாளெல்லாம் அதன் கீழேயே படுத்துக் கிடந்து ஓட வைத்தான். அத்திப்பட்டில் எங்கள் தெருவுக்குள் முதல்முறை அது உறுமிக்கொண்டு வந்தபோது எல்லா வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். என் மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல குந்திக்கினு போறதா, படுத்துக்கினு போறதா?" என்று கேட்டாள்.

அவன் போன சரக்குக் கப்பலில் அவனுக்கு மூன்றாவது இன்ஜினியர் வேலை. முதல் சில மாதங்கள் அடிக்கடி பேசினான். பிறகு ஆப்பிரிக்கக் கரையில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்பதாகச் சொன்னான். கப்பல் முதலாளி துறைமுகத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் கைவிட்டுவிட்டார், கப்பலைப் பிடித்து வைத்துவிட்டார்கள், ஆட்களையும் இறங்க விடவில்லை என்று அடுத்த முறை சொன்னான். அதற்கடுத்த முறை, டீசல் தீர்ந்துகொண்டே வருகிறது, ஜெனரேட்டரை நாளில் கொஞ்ச நேரம்தான் ஓட்டுகிறோம், போனுக்கு சார்ஜ் போடுவது கஷ்டம் என்றான். அதோடு அவனிடமிருந்து போன் வருவது நின்றுபோனது.

அவனை அனுப்பிய ஏஜென்ட்டின் ஆபீசுக்குச் சென்னைக்குப் போனோம். பலமுறை போனோம். "ஃபாலோ அப் பண்ணிட்டு இருக்கோம் சார்" என்பதைத் தவிர அங்கே வேறு பதில் கிடைக்கவில்லை. கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். டெல்லிக்கு யாரோ எழுதிக் கொடுத்ததை அனுப்பினோம். என் மனைவி வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். துணி எடுக்கப் பொன்னேரிக்குப் போவதைக்கூட விட்டுவிட்டாள். ரயிலில் நடுவழியில் டவர் இல்லாமல் போன் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். தையல் மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள், அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கும். மெஷின் ஓடும் சத்தத்தில் போன் மணி கேட்காது என்று கொஞ்சம் தைப்பாள், நிறுத்திக் காது கொடுப்பாள், மறுபடி தைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வது மட்டும் தவறவில்லை. அவள் தார்ப்பாயை மடிப்பாள், நான் உள்ளே நுழைந்து சாவியைத் திருப்புவேன். இன்ஜின் சூடானதும் கருகின எண்ணெய் வாசனை வரும். கீழே அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்திருந்தோம். அதில் விழுந்த கறை ஒவ்வொரு வாரமும் பெரிதானது. இன்ஜினில் எண்ணெய் அளக்கச் செருகியிருக்கும் அளவுகோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கியிருக்கும். ஊற்றுவேன், அடுத்த வாரம் மறுபடி இறங்கியிருக்கும். ஓட்டாமல் விட்டால் வண்டி கெட்டுவிடும், ஓட்டினால் எண்ணெய் போய்விடும். அவன் வரும்போது இன்ஜின் இறுகிப்போய்க் கிடந்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குக் கீழே இன்னொரு நினைப்பும் இருந்தது. வண்டி செத்தால் அவன் திரும்ப மாட்டான் என்பதுதான் அது. அவளுக்கும் அதே எண்ணம் இருந்திருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்போது நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒருநாள் டூல்ஸ் பெட்டியை வெளியே எடுத்தேன்.

"இன்னாய்யா பண்ணப் போற?" என்றாள்.

"எங்கேர்ந்து ஒழுவுதுன்னு மட்டும் பாக்கறேன்."

"தொடாதன்னு சொல்லிட்டுப் போனான்ல?"

"பாக்கறதுக்கு இன்னா?"

அவள் உள்ளே போனாள்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் கல் வைத்து, கீழே படுத்துப் பார்த்தேன். இன்ஜினும் கியர் பெட்டியும் சேருகிற இடத்தின் அடியில் சொட்டு கட்டி நின்றது. அதைப் பார்த்ததும் மனசு விட்டுப்போனது. அங்கே கசிந்தால் பெரும்பாலும் கிராங்க் தண்டின் பின்பக்கம் எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற சீல் போயிருக்கும். அதை மாற்றக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். தனி ஆளாக, வாசலில், இந்த வயதில் ஆகிற காரியமில்லை.

ஆனால் எண்ணெய் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டர்பைன் ஹாலில் இதற்காகவே எத்தனையோ நாள் அலைந்திருக்கிறேன். எண்ணெய் மேலே எங்கேயோ கிளம்பும், இரும்பைத் தடவிக்கொண்டே வரும், கடைசியில் இறங்க வழி கிடைக்கிற இடத்தில் சொட்டும். அதனால் இன்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நன்றாகக் காயவிட்டேன். பிறகு அவளுடைய முகப்பவுடர் டப்பாவை எடுத்து வந்து, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் தூவினேன். இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெள்ளைப் பவுடரில் ஈரம் ஒரு கோடாக இறங்கி வந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், இன்ஜினின் தலைமேல் இருக்கிற மூடியின் பின்பக்க மூலை. டிரைவர் உட்காரும் இடத்துக்கு முன்னால் உள்ள தகடும் இன்ஜினும் நெருங்கி நிற்கிற, கை நுழையாத இடுக்கு. அங்கே மூடிக்கு அடியில் கசிவை அடைக்கிற ரப்பர் கேஸ்கெட் காய்ந்து கல்லாகியிருந்தது. பக்கத்தில் ஒரு சென்சார் செருகியிருந்த இடத்திலும் வளைய ரப்பர் போயிருந்தது. கிராங்க் சீல் இல்லை. எழுந்து நின்று, "ஏம்மே! மேலதான் லீக்கு!" என்று கத்தினேன். பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து எழும்பிய சந்தோஷச் சத்தம் அது. அவள் ஏதோ போன் வந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தாள். பவுடர் பூசிய இன்ஜினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி மூடிக்கு ஒரு கேஸ்கெட் தேடிப் பிடித்தேன். வளைய ரப்பர் அங்கே கிடைக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்கு ஆயில் சீல் விற்கிற கடை ஒன்று உண்டு. பழையதைக் கொடுத்தேன். கடைக்காரர் அதை அளந்து பார்த்துவிட்டு, எந்த மெஷினுக்கு என்று கேட்டார்.

"மெஷின் இல்ல, காரு. பையனுது."

"பையன் இன்னா பண்றாரு?"

"கப்பல்ல இருக்கான்."

"அப்ப துட்டுக்கு ஒன்னும் பிரச்சன இல்லன்னு சொல்லு" என்று சிரித்தபடியே வளையத்தைப் பொட்டலம் கட்டினார். நானும் சிரித்தேன். ரயில் நிலையத்துக்கு நடந்து வரும் வழியில் சாலையோரமாகக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் மூடியைக் கழற்றினேன். போல்ட்டுகள் ஒவ்வொன்றாக நல்லபடி வந்தன. கடைசியாக அந்தப் பின்பக்க மூலை. ஸ்பானரைப் போட்டேன், அசையவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்து மறுபடி போட்டேன். கொஞ்சம் கொடுத்த மாதிரி இருந்தது. நம்பி இன்னும் கொஞ்சம் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பானர் லேசாகச் சுற்றியது. கையில் போல்ட்டின் தலை மட்டும் வந்தது. மிச்சம் மரையோடு அலுமினியத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

வேலைக் காலத்தில் உடையாத போல்ட் உண்டா? எத்தனையோ எடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

"ஒடச்சிட்டியா?"

"எடுத்துடலாம்."

"தொடாதன்னு சொன்னான்" என்றாள். பிறகு, "அவன் ஒன்னே ஒன்னுதான் சொல்லிட்டுப் போனான். அதையும் உன்னால கேக்க முடியல" என்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்த வாரத்தில்தான் ஏஜென்ட் ஆபீசிலிருந்து தகவல் வந்தது. கப்பலில் இருந்த ஒருவரைக் கரைக்கு இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இந்தியர். யார் என்று தெரியவில்லை. "பேர் வந்ததும் சொல்றோம் சார்" என்றார்கள். நான் போனை வைத்த பிறகு அவளிடம் சொன்னேன். மறைக்கத் தெரியவில்லை. அவள் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கை ஓரத்துக்கு ஊசி போட்டு, நூலைக் கடித்து, மடித்து வைத்தாள். பிறகு போய் சுவரோரமாகப் படுத்துக்கொண்டாள்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் வண்டியிடம் போனேன். வேறு எங்கே போவது? உடைந்த போல்ட்டை எடுத்துவிட்டால் ஏதோ ஒன்றாவது சரியாகிவிடும் என்று பட்டது. உள்ளே தூள் விழாமல் துணி அடைத்து, டிரில் பிட்டை வைத்தேன். கை ஆடியது. பிட் வழுக்கி அலுமினியத்தில் கீறியது. மறுபடி வைத்தேன். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் எண்ணெய்.

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். நீளமான எண், நம் நாட்டு எண் இல்லை. பச்சையை இழுக்க விரலை வைத்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது, போன் எடுக்கவில்லை. லுங்கியில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். கண்ணாடி முழுக்கக் கறுப்பு பரவியது. இன்னொரு விரல். பெருவிரல். புறங்கை. அது அடித்துக்கொண்டே இருந்தது. "இருடா, இருடா" என்று போனிடம் சொல்லிக்கொண்டே தேய்த்தேன். நின்றுவிட்டது.

அவள் சேலை காலில் தடுக்க ஓடி வந்தாள். "யாரு? அவனா?"

"தெரில."

"எடுத்தியா?"

"கையில ஆயிலு..."

அவள் என்னைத் திட்டவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கித் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அந்த எண்ணையே திரும்பக் கூப்பிட்டாள். புரியாத பாஷையில் ஒரு பெண்ணின் பதிவுக்குரல் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். அதே குரல். சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனா, அவனே பேசினானா, அவனைப் பற்றி வேறு யாராவது சொல்ல வந்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து போன் அவளிடம்தான். ஜாக்கெட்டுக்குள் செருகியே வைத்திருந்தாள். என் கையில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் வண்டி பக்கம் போக என்னால் முடியவில்லை. திறந்த இன்ஜினின் மேல் பழைய சேலை ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்தவன்தான். சாப்பிட்டேன், படுத்தேன், எழுந்தேன். ரயில்வே கேட் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புவேன். செய்தியில் கப்பல் என்ற வார்த்தை வந்தால் டிவியை அணைத்துவிடுவேன். தண்டவாளத்தைப் பார்க்கும்போது வந்த நினைப்புகளை இங்கே எழுத வேண்டாம்.

ஒருநாள் காலையில் அவள்தான் வந்து என்னை எழுப்பினாள்.

"எயுந்திரு. இன்ஜினைத் திறந்து போட்டுட்டு இப்டியே கெடந்தா எப்டி? சாம்பலு விழுது. அந்தச் சேலையைப் போய்ப் பாரு, எப்டி கீதுன்னு."

எங்கள் பக்கம் காற்று திரும்பினால் அனல் நிலையத்தின் சாம்பல் மாவு மாதிரி வந்து படியும். சேலை சாம்பல் பூத்திருந்தது.

"என்னால முடியாது. கை ஆடுது" என்றேன்.

"என் கை ஆடலயே" என்றாள்.

டிரில்லை அவளிடம் கொடுத்தேன். நட்ட நடுவில் பஞ்ச் வைத்துக் குறி போட்டுக் கொடுத்தேன். பிட்டில் கிரீஸ் தடவினேன், இரும்புத் தூள் உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, சாய்கிறதா என்று பார்த்துச் சொன்னேன். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். நேராக இறங்கியது. அந்த ஓட்டையில், திருப்பத் திருப்ப இறுகிப் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்து வருகிற எதிர்மரைத் திருகியைப் போட்டுத் திருப்பினோம். முதலில் வரவில்லை. அலுமினியத்தைச் சுற்றி லேசாகச் சூடு காட்டி மறுபடி திருப்பினோம். உடைந்த துண்டு கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. துளைக்குள் இருந்த மரை கோணல்மாணலாகப் பிய்ந்து போயிருந்தது. பிய்ந்த மரையை வழித்து எடுத்துவிட்டு, உள்ளே எஃகுச் சுருள் ஒன்றைத் திருகிப் புது மரை போட்டேன். கேஸ்கெட், வளைய ரப்பர், மூடி எல்லாம் ஏறின. இழுத்து முறுக்காமல் சீராக முறுக்கினேன். கழுவினோம், பவுடர் தூவினோம், ஸ்டார்ட் செய்தோம்.

பின்பக்க மூலை காய்ந்தே இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து இன்ஜினின் முன்பக்கத்தில், இதுவரைக்கும் கசியாத இடத்தில், பவுடர் மெல்லக் கறுத்து வந்தது.

ஸ்பானரைக் கீழே எறிந்தேன். காம்பவுண்டு சுவரில் பட்டுத் தெறித்தது. "பின்னாடி அடச்சா முன்னாடி வருது! என்ன எழவு வண்டி இது!" தொண்டை கிழியக் கத்தினேன். வண்டியைப் பார்த்துத்தான் கத்தினேனா என்று தெரியாது. எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவளும் வெடித்தாள். "கத்தாத! குக்கர்ல விசில் அடச்சிக்கினா ஓரத்துலதான் கக்கும். உள்ள இன்னா அடச்சிக்கினு கீதுன்னு பாரு, அத்த வுட்டுட்டு எங்க கக்குதோ அங்கியே ரப்பர் மாத்திக்கினு இரு!"

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் எனக்கு உறைத்தது. இன்ஜின் ஓடும்போது உள்ளே சேருகிற புகையும் காற்றும் வெளியேற ஒரு சின்ன வால்வும் குழாயும் இருக்கும். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கிற சீல்களில் எது பலவீனமோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். பிளான்ட்டில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு இதே மாதிரி மூச்சுக்குழாய் உண்டு. லீக் என்று புகார் வந்தால் முதலில் நாங்கள் அதைத்தான் பார்ப்போம். இங்கே நான் பார்க்கவே இல்லை. இத்தனை மாதமாக என் புத்தி எந்த நிலையில் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

வால்வைப் பிடுங்கி ஆட்டினேன். நல்ல வால்வு என்றால் உள்ளே இருக்கிற சின்ன இரும்பு கடகடவென்று ஆடும். இது ஊமையாக இருந்தது. உள்ளே தார் மாதிரி கட்டியிருந்தது. அவள் அதை வாங்கி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க உட்கார்ந்தாள்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவள் ஜாக்கெட்டுக்குள் போன் அடித்தது. நான் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் சேலையில் கையைத் துடைத்து, பதறாமல் போனை எடுத்து, துடைத்த விரலால் இழுத்தாள்.

"அம்மா" என்ற குரல் எனக்கும் கேட்டது.

"சாப்டியாடா?" என்றாள்.

அவன் சிரித்தானா அழுதானா தெரியாது. ஏதோ சத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனது அவன் இல்லை, சமையல்காரர். அரிசி கொஞ்சம் இருக்கிறது. பக்கத்தில் நின்ற வேறொரு கப்பலின் ஆட்கள் படகில் வந்தபோது போன் கொடுத்திருக்கிறார்கள். முன்னொரு நாள் கூப்பிட்டதும் அவன்தானாம். நேரம் இல்லை என்றான். அவள் திறந்து கிடந்த இன்ஜினைப் பார்த்தாள். "உங்க நைனா உன் வண்டியப் பிரிச்சிட்டாரு" என்றாள். "பின்னாடி போல்ட்ட ஒடச்சிட்டாரு. அப்புறம் நாங்களே எடுத்துட்டோம்."

அந்தப் பக்கம் யாரோ அவனை அவசரப்படுத்தினார்கள். பிறகு சொன்னான்: "அந்த போல்ட்டு நான்தாம்மா கோணலா ஏத்தி மரையக் கெடுத்துட்டேன். நைனா பாத்தா ஏசுவாருன்னுதான் தொடாதன்னு சொன்னேன்."

போன் கட்டாகிவிட்டது. அவள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வால்வு அவள் காலடியில் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் கிடந்தது.

வால்வை மாட்டினோம், அடைத்திருந்த குழாயையும் மாற்றினோம். அடுத்த ஞாயிறு பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அளவுகோலில் எண்ணெய் மேல்கோட்டிலேயே நின்றது. வண்டி சரியாகிவிட்டது.

அவன் வரவில்லை.

மனசின் அடியில், இது முடிந்தால் அதுவும் முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வண்டி சரியான பிறகு வந்த சில மாதங்களைத்தான் நான் பட்டதிலேயே மோசமான காலம் என்று சொல்வேன். ரிப்பேர் செய்ய ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பேன், எங்கேயாவது ஒரு சொட்டு இருக்காதா என்று. சுத்தமாக இருக்கும். விரலால் தடவிப் பார்ப்பேன். ஒருமுறை அவள் என் காலைப் பிடித்து இழுத்தாள். "வெளிய வா. ஒன்னும் இல்ல அங்க. நாஷ்டா துண்ண வா" என்றாள். நான் அடியிலேயே கிடந்து அழுதேன். அவள் இட்டிலித் தட்டை எடுத்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, நான் வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அதுவரை பேசாததை அப்போதுதான் பேசினோம். வண்டி நின்றால் அவன் போய்விடுவான் என்று அவளும் நினைத்திருந்ததைச் சொன்னாள். "இப்ப வண்டி ஓடுது. அவன் வரல. அப்ப ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல" என்றாள். எனக்கு என்று இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

சம்பந்தம் இல்லைதான். கடைசியில் அந்த ஊர் கோர்ட்டு கப்பலை ஏலத்தில் விற்க உத்தரவு போட்டது. வாங்கியவன் ஆட்களை ஊருக்கு அனுப்பினான். நாங்கள் செய்த எதுவும் அதற்குக் காரணமாக இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. விமான நிலையத்தில் ஒல்லியாக, தாடியோடு, வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்தான். அவன் தாய் அவன் முகத்தைத் தொடவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டாக்சியில் அத்திப்பட்டு வந்து சேரும்வரை விடவே இல்லை.

வந்ததும் வண்டியைத்தான் பார்ப்பான் என்று நினைத்து அதைக் கழுவி வைத்திருந்தேன். அவன் தார்ப்பாயைத் தொடவில்லை. ரூமுக்குள் படுக்க முடியாது என்று மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தான். பல வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். நான் மெல்ல பக்கத்தில் போய் நின்றேன். சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் எடுத்தது. அவன் முகமெல்லாம் வியர்த்துவிட்டது. இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து, வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்த வாசன நைனா" என்றான். "ஆயில் சூடான வாசன. கப்பல்ல இன்ஜின் ரூம்ல அடிச்ச அதே வாசன. உள்ள மூச்சு வாங்கவே முடியல."

"பரவால்லடா."

"வித்துடலாமா? நீ கோச்சுக்க மாட்டியே?"

"எனக்கு இன்னாடா அதுல" என்றேன்.

சூளூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஆயில் ஒழுகுமா என்று அவர் கேட்கும் முன்பே நான் மூடியையும் மூச்சு வால்வையும் காட்டி விளக்க ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி வாசலில் நின்றபடி, "வுடுய்யா, அவரு போட்டும்" என்றாள். அவர் ஓட்டிக்கொண்டு போன வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் அதன் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தோன்றும் என்று எதிர்பார்த்துத்தான் நின்றேன்.

இப்போது அவனுக்கு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பகல் ஷிஃப்டு. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் வருகிறான். கப்பலில் நடந்ததை நாங்கள் கேட்பதில்லை. எப்போதாவது சாப்பிடும்போது அவனாகவே சொல்லத் தொடங்குவான், பாதியில் நிறுத்திவிடுவான். போன வாரம், குடிதண்ணீர் தீர்ந்த பிறகு மழை வந்ததைச் சொன்னான். மேல்தளத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் கட்டிப் பிடித்தார்களாம். பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போன அந்தச் சமையல்காரர் காய்ச்சலோடு எழுந்து வந்து, பாத்திரங்களைப் பெரியது சிறியது என்று வரிசையாக அடுக்கினாராம். அதோடு நிறுத்திக்கொண்டு சோற்றைப் பிசைந்தான்.

அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "அப்புறம்?" என்றாள்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு மேற்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.